லைட் எரியுது, படம் வரல: பழுதான கேம் கன்சோலை எங்கே கொடுப்பது?

பட்டனை அழுத்தினேன். லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது. டிவியில் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்ற நீலத்திரை. கேபிளைக் கழற்றி மாட்டினேன். வேறு கேபிள் போட்டேன். பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து அறை டிவியில் மாட்டிப் பார்த்தேன். அங்கேயும் அதே நீலம்.

இது இரண்டாவது முறை. தீபாவளி போனஸில் வாங்கிய கன்சோல், பதினோராவது மாதம் விளையாட்டின் நடுவே தானாக அணையத் தொடங்கியது. வாரன்டி இருக்கிறதே என்று சேலத்திலிருந்து கோவை சர்வீஸ் சென்டருக்குப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். ஐந்து வாரம் கழித்து ஒரு பெட்டி வந்தது. என் பெட்டி இல்லை. பின்னால் இருந்த சீரியல் நம்பர் வேறு. அண்ணன் மகன் எட்டு மாதமாகக் கட்டி வளர்த்த கால்பந்து அணி அதில் இல்லை. “சித்தப்பா, என் டீம் எங்கே?” என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த மாற்றுப் பெட்டிதான் பதினைந்தாவது மாதம் நீலத்திரையில் நின்றது. மறுபடி கோவை. கவுன்டரில் இருந்த தம்பி பில்லைப் பார்த்தார். “பில் தேதியிலிருந்துதான் சார் ஒரு வருஷம். பெட்டி மாத்திக் கொடுத்ததால வாரன்டி புதுசா ஆரம்பிக்காது” என்றார். போர்டு (சிப்புகள் எல்லாம் பதிந்திருக்கும் பலகை) மாற்ற வேண்டும், இருபத்தோராயிரம், வரி தனி. வேண்டாம் என்றால் சோதனைக் கட்டணம் மட்டும் கட்டிவிட்டு எடுத்துப் போகலாம். எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப் போவதில்லை. எல்லாக் கம்பெனி கவுன்டரிலும் இதே உரையாடல் நடப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள்.

அன்றிலிருந்து ஒரு மாதம் விசாரித்தேன், படித்தேன், அலைந்தேன். கன்சோல் படுத்துவிட்டால் முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: கம்பெனி, தெருக்கடை, சொந்தக் கை, அல்லது விட்டுத்தள்ளிவிட்டு வேறு பெட்டி. எது மலிவு என்ற கேள்வியோடு ஆரம்பித்ததுதான் என் தப்பு. கேட்க வேண்டியவை வேறு இரண்டு. என்ன பழுது? பெட்டிக்குள் இருக்கிற சேமிப்பு, அதாவது இதுவரை விளையாடிச் சேர்த்தது, எனக்கு வேண்டுமா, வேண்டாமா?

முதலில் ஒரு பழைய கதை

பழுது எது என்று தெரியாமல் பணம் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360ஐவிட நல்ல பாடம் இல்லை. 2005 நவம்பரில் வெளிவந்த கன்சோல். பவர் பட்டனைச் சுற்றிக் கால்வட்டம் கால்வட்டமாக நான்கு விளக்குகள். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை. மூன்று கால்வட்டம் சிவப்பாக மின்னினால் கதை முடிந்தது. ‘மரணச் சிவப்பு வளையம்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பழுதான பெட்டியைத் திருப்பி அனுப்ப நிறுவனம் கொடுத்த வெற்று அட்டைப்பெட்டியை அமெரிக்க ரசிகர்கள் ‘சவப்பெட்டி’ என்றார்கள். பழுதுபார்த்து வந்த பெட்டி மறுபடி சிவந்து, மறுபடி சவப்பெட்டி ஏறிய கதைகள் ஏராளம்.

2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது. இந்த ஒரு கோளாறுக்கு மட்டும் வாரன்டியை மூன்று ஆண்டாக நீட்டியது. அதற்கு முன் காசு கொடுத்துச் சரிசெய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தது. இதற்காக அது கணக்கில் எழுதிய தொகை 105 கோடி முதல் 115 கோடி டாலர் வரை. ரூபாய் இல்லை, டாலர்.

காரணம் என்ன என்பதை நிறுவனமே விரிவாகச் சொன்னது 2021ல் வெளியிட்ட ஆவணப்படத்தில். பெட்டி சூடாகிறது, அணைத்தால் குளிர்கிறது, மறுபடி சூடாகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் சிப்புக்குள்ளே இருக்கும் நுண்ணிய ஈயப் பற்றுகள் விரிசல் விட்டன. கவனியுங்கள், விரிசல் சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே இல்லை, சிப்பின் வயிற்றுக்குள். அதனால்தான் அந்தக் காலத்தில் உலகம் முழுக்கச் செய்த ‘வைத்தியங்கள்’ எதுவும் நிலைக்கவில்லை. கன்சோலைத் துண்டில் சுற்றி ஓடவிட்டார்கள். உள்ளே வெந்து தணிந்ததும் சில பெட்டிகள் உயிர்த்தன, சில நாளில் மறுபடி செத்தன. கடைக்காரர்கள் ஹாட் ஏர் அடித்துச் சூடாக்கிக் கொடுத்தார்கள். அதுவும் துண்டு வைத்தியம்தான், கொஞ்சம் கூலி அதிகம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இன்றைக்கும் சில கடைகளில் “சிப்பைச் சூடு பண்ணிக் கொடுத்துடுறேன் சார், சரியாயிடும்” என்கிற வைத்தியம் நடக்கிறது. அந்த வாக்கியத்தைக் கேட்டால் பெட்டியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். இன்னொன்று, உங்கள் கன்சோலின் பழுது ஊருக்கெல்லாம் வருகிற பழுதா என்று பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள். பொதுக் கோளாறு என்றால் கம்பெனி எங்கேனும் சலுகை அறிவித்திருக்கலாம். நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலோடு வரும் ஜாய்கான் கன்ட்ரோலர் அப்படித்தான். கையை எடுத்த பிறகும் ஸ்டிக் தானாக நகரும் அந்த ‘டிரிஃப்ட்’ கோளாறுக்கு அமெரிக்காவில் 2019ல் வழக்கு வந்தது. 2020ல் நிறுவனத் தலைவர் ஃபுருகாவா பங்குதாரர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். நுகர்வோர் அமைப்புகளின் புகாருக்குப் பிறகு 2023ல் ஐரோப்பாவில், வாரன்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவில் அந்தக் கம்பெனி நேரடியாக விற்பதே இல்லை. பர்மா பஜாரிலோ துபாய் மாமாவிடமோ வாங்கிய ஸ்விட்ச்சுக்கு ‘கம்பெனி’ என்ற முதல் வழியே கிடையாது. ஒரு விதத்தில் குழப்பம் மிச்சம்.

வாரன்டிக்குள் என்றால்

வாரன்டி இருக்கும்போது வேறு யோசனை வேண்டாம், கம்பெனிதான். ஐந்து வாரம் ஆனாலும் சரி. காசு போகாது, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் கன்சோல் கம்பெனிகள் பல நேரம் ‘ரிப்பேர்’ என்பதைச் செய்வதே இல்லை என்பது தெரிந்து போக வேண்டும். பழுதான பெட்டியை வாங்கிக்கொண்டு, ஏற்கனவே யாரோ ஒருவரிடமிருந்து வந்து சீர்செய்யப்பட்ட பெட்டியை உங்களுக்குத் தருவார்கள். அல்லது போர்டையே மாற்றுவார்கள். அவர்களுக்கு அது வேகம், சுலபம். நமக்குத்தான் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டால் போதாதா என்று நானும் கேட்டேன். போதாது. சோனியின் பிளேஸ்டேஷன் 3, 4 இரண்டிலும் டிஸ்க்கில் இருக்கும் தகவல் அந்தக் குறிப்பிட்ட பெட்டிக்கு மட்டும் புரியும் பூட்டில் இருக்கும். வேறு பெட்டியில் போட்டால் ‘ஃபார்மட் செய்யவா?’ என்றுதான் கேட்கும். பிளேஸ்டேஷன் 5ல் கழற்ற டிஸ்க்கே இல்லை, உள் சேமிப்பு சிப்புகள் போர்டோடு சால்டர் செய்யப்பட்டவை. போர்டு போனால் அதுவும் போச்சு.

ஆகவே கவுன்டருக்குப் போவதற்கு முன்பே, சொல்லப்போனால் பெட்டி நன்றாக ஓடும்போதே, நகல் எடுத்து வைக்க வேண்டும். இந்த விஷயத்தில் மூன்று கம்பெனிகளும் மூன்று மாதிரி. எக்ஸ்பாக்ஸில் சேமிப்பு தானாகவே ஆன்லைனில் ஏறிவிடும், சந்தா வேண்டாம், யோசிக்கவே வேண்டாம். பிளேஸ்டேஷன் 4ல் யுஎஸ்பி பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளுக்கு அந்த வசதி இல்லை, ‘பிளேஸ்டேஷன் பிளஸ்’ சந்தா கட்டினால்தான் ஆன்லைன் நகல். எனக்கு இது நியாயமாகவே படவில்லை. காசு கொடுத்து வாங்கிய பெட்டியிலிருந்து, நானே விளையாடிச் சேர்த்ததை நகல் எடுக்கச் சந்தாவா? ஸ்விட்ச்சிலும் சந்தாதான், அதிலும் சில விளையாட்டுகளுக்கு நகல் வசதியே கிடையாது.

கவுன்டரில் நிற்கும்போது ஒரு காகிதத்தின் மேல் கண் வைத்திருங்கள்: ஜாப் ஷீட், பெட்டியை வாங்கிக்கொள்ளும்போது அவர்கள் எழுதும் சீட்டு. முதல் முறை நான் கையெழுத்துப் போடுகிற அவசரத்தில் ‘பொருளின் நிலை’ என்ற கட்டத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டாம் முறை பார்த்தேன். ‘பின்பக்கம் கீறல், போர்ட் அருகே சேதம்’ என்று தம்பி எழுதிவிட்டிருந்தார். டிவி கேபிள் மாட்டும் எச்டிஎம்ஐ போர்ட் பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு இருந்தது உண்மை. கேபிள் சொருகும்போது உரசிய கோடு. ஆனால் ‘சேதம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், நாளைக்கு ‘வாடிக்கையாளர் உடைத்தது, வாரன்டி செல்லாது’ என்று சொல்ல அந்த ஒரு சொல் போதும். அடித்து எழுதச் சொன்னேன். முகம் சுளித்தார், எழுதினார்.

அதோடு பழுதை வீடியோ எடுத்து வையுங்கள். சீரியல் நம்பரில் தொடங்கி, வெட்டாமல் அப்படியே டிவித் திரைக்குப் போகிற ஒரே வீடியோ. அரை மணிக்கு ஒருமுறை வரும் பழுது சர்வீஸ் சென்டரில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்க்கும்போது வராது. ‘பழுது எதுவும் இல்லை’ என்று அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். டிஸ்க் உள்ளே இருந்தால் எடுத்துவிடுங்கள், அதுவும் திரும்பி வராது.

கம்பெனி இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அழைத்து ஜாப் ஷீட் எண்ணைச் சொன்னால் புகாரைக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்கு நல்ல மாற்றம் ஒன்று வந்தது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, பழுது எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நான் போடவில்லை. மாற்றுப் பெட்டி நாலே மாதத்தில் செத்தது வாதாடக்கூடிய வழக்குதான் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். லீவு போட்டுவிட்டு வாய்தாவுக்கு அலைய மனசு வரவில்லை, அவ்வளவுதான். உங்களுக்குத் தெம்பு இருந்தால் போடுங்கள்.

வாரன்டி முடிந்தபின் கம்பெனி

இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எனக்கு இது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. கம்பெனி எஸ்டிமேட் உங்கள் பழுதுக்குப் போடும் விலை கிடையாது, போர்டின் விலை. இருநூறு ரூபாய்ப் பாகம் போயிருந்தாலும் போர்டு, முழுச் சிப்பே போயிருந்தாலும் போர்டு. சேமிப்பும் போகும். கொடுக்கும் புது வாரன்டி பெரும்பாலும் மாதக்கணக்கில்தான் இருக்கும். ஒரே ஒரு நிலையில் மட்டும் இது சரி: முதன்மைச் சிப் உண்மையிலேயே போய்விட்டது என்று இரண்டு கடைக்காரர்கள் சொல்லி, எஸ்டிமேட்டும் புதுப் பெட்டி விலையில் பாதிக்கும் கீழே இருந்தால். என் இருபத்தோராயிரம் பாதிக்குக் கொஞ்சம் கீழே. வரியைச் சேர்த்தால் பாதியைத் தொட்டது.

ரிச்சி தெரு

ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடியற்காலை சென்னை சென்ட்ரலில் இறங்கினேன். கடைகள் திறக்கப் பத்து, பத்தரை ஆகும் என்பதால் டீக்கடையில் பெட்டியைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். (ஞாயிற்றுக்கிழமை போய்விடாதீர்கள், தெருவே ஷட்டர் போட்டிருக்கும்.) அண்ணா சாலையை ஒட்டிய இந்தச் சந்துகளில் கம்ப்யூட்டர் உதிரி, சிசிடிவி, ஸ்பீக்கர், கேபிள் என்று எலக்ட்ரானிக்ஸில் கிடைக்காதது குறைவு. கன்சோல் ரிப்பேர் கடைகள் பெரும்பாலும் தரைத்தளத்தில் இருக்காது. குறுகலான படியேறிப் போக வேண்டும்.

முதல் கடையில் பெட்டியைத் திறக்காமலே “போர்டு அடிச்சிருச்சு, ஒன்பதாயிரம்” என்றார்கள். இறங்கிவிட்டேன். இரண்டாவது கடையில் இருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். நீல ரப்பர் விரிப்பு, மைக்ராஸ்கோப், ஹாட் ஏர் மெஷின், ஒரு டப்பா நிறையக் கழற்றிய பழைய போர்டுகள். பெட்டியைத் திறந்து, மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து, எச்டிஎம்ஐ போர்ட்டின் பத்தொன்பது பின்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் ஒரு நோட்டு. நல்ல போர்டில் எந்தப் பின் எவ்வளவு காட்டும் என்று பேனாவால் எழுதி வைத்திருந்தார். எட்டாவதோ ஒன்பதாவதோ பின்னில் நின்றார்.

“போர்ட்டு நல்லா இருக்குண்ணே. அதுக்குப் பின்னாடி இருக்குற ஐசி போயிருக்கு. மழை நேரத்துல கேபிள் டிவி ஒயர் டிவியிலயே மாட்டிக் கிடந்துச்சா?”

கிடந்தது. மார்கழிக் கடைசியில் நம்ப முடியாத ஒரு இடி மழை பெய்த ராத்திரி ஞாபகத்துக்கு வந்தது. இடி கேபிள் வழியாக டிவிக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாகக் கன்சோலுக்குள் போவது தனக்கு மழைக்காலத்தில் வாடிக்கை என்றார். எர்த் சரியில்லாத பிளக்கில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைச் சொருகிக் கழற்றினாலும் இதே ஐசிதான் போகுமாம். கோவை கவுன்டரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ஐசி என்பது எச்டிஎம்ஐ சிக்னலைக் கையாளும் சின்னச் சிப், சுண்டுவிரல் நகம் அளவுதான். ஃபிளக்ஸ் தடவி, ஹாட் ஏர் காட்டி, பழையதைத் தூக்கி, செப்பு வலையால் மிச்ச ஈயத்தை உறிஞ்சி, புதியதை வைத்துக் கால் கால் ஆகப் பற்ற வைத்தார். ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒரு போன் வந்தது, எடுக்கவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அங்கேதான். டிவியில் மாட்டியதும் அந்த அறிமுக இசை வந்தது. மூவாயிரத்து ஐந்நூறு. ஃபேனைத் துடைத்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மாற்றியதும் சேர்த்து. முப்பது நாள் வாரன்டி என்று விசிட்டிங் கார்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

உள்ளே இருந்த சேமிப்பு எல்லாம் அப்படியே இருந்தது. கம்பெனி வழியில் எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்காதது அது.

சரி, இதை வைத்துத் தெருக்கடைதான் உசத்தி என்று எழுதினால் பாதி உண்மைதான். என் அலுவலக நண்பர் ஒருவரின் பெட்டியில் காபி கொட்டியது. வேறொரு ஊரில், வேறொரு கடையில், மூன்று முறை சூடு பண்ணிக் கொடுத்தார்கள். மூன்றாம் முறைக்குப் பிறகு போர்டு வளைந்திருந்தது. கம்பெனியில் கொண்டுபோனால் ‘வெளியாள் திறந்த பெட்டி’ என்று தொடவே மறுத்துவிட்டார்கள். தெருக்கடைக்குப் போவது ஒருவழிப் பாதை. போன பிறகு கம்பெனி வழி அநேகமாக அடைத்துக்கொள்ளும்.

கடையில் எந்தப் பழுதைக் கொடுக்கலாம்? எச்டிஎம்ஐ போர்ட் வளைந்தது, ஐசி, பவர் சப்ளை, ஃபேன், தூசி, டிஸ்க்கை இழுக்காத டிரைவ். இதெல்லாம் கைப்பழக்கம் உள்ளவருக்குத் தினசரி வேலை. டிரைவில் மட்டும் ஒரு சூட்சுமம். டிரைவும் போர்டும் ஒன்றுக்கொன்று ஜோடி சேர்க்கப்பட்டவை. வேறு பெட்டியின் டிரைவை அப்படியே மாட்டினால் விளையாட்டு டிஸ்க்கைப் படிக்காது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் பழைய டிரைவின் சின்ன போர்டைக் கழற்றிப் புது டிரைவில் மாற்றுவார்கள். இதைத் தெரிந்தவரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பிளேஸ்டேஷன் 5 என்றால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். அதில் சிப்புக்கும் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே பேஸ்ட் கிடையாது, திரவ உலோகம். மின்சாரம் கடத்தும். துளி சிதறினால் போர்டு ஷார்ட் ஆகிவிடும். “பேஸ்ட் மாத்தித் தரேன்” என்று சாதாரணமாகச் சொல்கிறவரிடம் அந்தப் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

முதன்மைச் சிப் போயிருந்தால் தெருக்கடையில் போடும் காசு, எக்ஸ்பாக்ஸ் 360க்குச் சுற்றிய துண்டு மாதிரிதான்.

சொந்தக் கை

இதில் நான் ஓரளவுக்கு மேல் போக மாட்டேன். தூசி தட்டுவது எல்லோரும் செய்யலாம். எங்கள் ஊர்த் தூசிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேவையும்கூட. ஊதுகுழல் வைத்து அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றினால் அதன் மோட்டார் கெடும். எறும்பு, கரப்பான், ஒருமுறை பல்லி முட்டை. உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறது, அவை வராமல் என்ன செய்யும்?

அடுத்தது கன்ட்ரோலர் டிரிஃப்ட். இது பழுது என்பதைவிடத் தேய்மானம். ஸ்டிக்கின் அடியில் கரித்தடத்தின் மேல் ஒரு உலோக விரல் உரசி உரசி ஓடுகிறது. தேயத்தானே செய்யும்? உரசாமல், காந்தத்தை வைத்து நகர்வை அறியும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் 1990களின் கடைசியில் வந்த டிரீம்காஸ்ட் கன்சோலின் கன்ட்ரோலரிலேயே இருந்தது. தேய்கிற வகையைத்தான் பெரிய கம்பெனிகள் இன்னும் போடுகின்றன என்றால் எனக்குக் கோபம் வருகிறது. 2023ல் சோனி விற்கத் தொடங்கிய விலை உயர்ந்த டூயல்சென்ஸ் எட்ஜ் கன்ட்ரோலரில் ஸ்டிக்கை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம். அதாவது தேயும் என்று அவர்களுக்கும் தெரியும்.

கையால் மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது கன்ட்ரோலரைப் பொறுத்தது. ஜாய்கானில் ஸ்டிக் ரிப்பன் கேபிளில் நிற்கிறது, சால்டரிங் வேண்டாம். மூன்று முனை ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் இருந்தால் அரை மணி நேர வேலை. பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரான டூயல்சென்ஸில் ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் பதினான்கு சால்டர் புள்ளிகள். முதல் முறை சால்டரிங் பழக அது இடமில்லை. கடையில் கொடுத்தால் சில நூறு ரூபாயில் முடியும், நல்ல கடையில் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கே போட்டுத் தருவார்கள்.

‘ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரன்டி செல்லாது’ என்ற எச்சரிக்கை பலரைப் பயமுறுத்துகிறது. அமெரிக்காவில் அந்த மிரட்டல் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2018 ஏப்ரலில் மத்திய வர்த்தக ஆணையம் ஆறு கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் ஊர் கவுன்டரில் அந்தக் கடிதத்தை நீட்டினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வாரன்டி இருக்கும்வரை ஸ்டிக்கரைத் தொடாதீர்கள். முடிந்த மறுநாள் கிழித்துக்கொள்ளுங்கள்.

வேறு பெட்டியே வாங்கிவிட்டால்?

முன்பெல்லாம் இது நல்ல யோசனை. கன்சோல் வயதானால் விலை இறங்கும், கொஞ்சம் பொறுத்தால் பாதி விலைக்கு வாங்கலாம். இந்தத் தலைமுறையில் தலைகீழ். 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, டிஸ்க் வைத்தது, 49,990 ரூபாய். 2022 நவம்பரில் அதே பெட்டி 54,990. பொறுத்தவருக்கு ஐயாயிரம் அபராதம்.

பழைய பெட்டி வாங்குவது யாரோ ஒருவருடைய தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நேரில் போய், உங்கள் கண் முன்னால், சூடேறும்வரை ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பில் கேளுங்கள். பெட்டியை முந்தைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறாரா, அது ஆன்லைனில் தடை செய்யப்பட்ட பெட்டியா என்று உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடவிடச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

அண்ணன் மகனுடைய பழைய அணி திரும்பி வரவேயில்லை. அது கோவையில் கொடுத்த முதல் பெட்டியோடு போய், இந்நேரம் துடைக்கப்பட்டு யார் வீட்டு டிவிக்குக் கீழே இருக்கிறதோ. அப்புறம் புது அணி ஒன்று கட்டினான். இப்போது சனிக்கிழமைதோறும் நகல் எடுத்துவிடுகிறான். மேகம் கருத்தால் கேபிள் ஒயரைக் கழற்ற ஓடுவதும் அவன்தான். முந்தாநாள் “சித்தப்பா, லெஃப்ட் ஸ்டிக் தானா மேல போகுது” என்றான். கன்ட்ரோலரை வாங்கிப் பார்த்தேன். திரையில் ஆட்டக்காரன் யாரும் சொல்லாமலே மெல்ல மெல்லக் கோல் கம்பத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அடுத்த சென்னைப் பயணத்துக்கு டிக்கெட் பார்க்க வேண்டும்.